அகன்ற இலை

என் பெயர் நஞ்சன்.
கோத்தகிரி மருந்துக்கடையில் ரசீது எழுதும் பையன்
ஒவ்வொரு முறையும் சிரிப்பான்.
சிரிக்கட்டும். சாமி பெயர் அது.
விழுங்கியவர் பெயர்,
தெளித்தவர் பெயர் இல்லை.

தேயிலை விலை படுத்த வருஷம்
முதுகிலிருந்து கூடையை இறக்கிவிட்டுத்
தெளிப்பானை மாட்டினேன்.
பதினாறு லிட்டர்.
சரிவில் இறங்கும்போது
இன்னொரு ஆள் தோளில் உட்கார்ந்து
பேச வாயெடுப்பதுபோல் தளும்பும்.

பங்களா அம்மா பெங்களூரில்.
போனைத் தரைக்குக் காட்டச் சொல்வார்.
"அது என்ன, வட்டமா?"
வல்லாரை, அம்மா.
"பக்கத்துல?"
புளியாரை.
"அந்த மஞ்சப் பூ?"
எங்கள் ஹட்டியில் அதற்கு ஒரு பெயர் உண்டு.
சொல்லவில்லை.
"எல்லாம் போகணும். புல் மட்டும் இருக்கணும்."

இருக்கும்.
மருந்தின் கெட்டிக்காரத்தனமே அதுதான்.
ஒடுங்கிய இலையை விட்டுவிட்டு
அகன்ற இலையை மட்டும் பிடிக்கும்,
ரேஷன் வரிசையில் அட்டையின் நிறம் பார்ப்பதுபோல.
புல் எந்த ஊர் என்று கேட்காது.
இது கிக்கூயூ. ஆப்பிரிக்காவில் ஏறி
யாரோ ஒரு துரை காலத்தில் இறங்கியது.
அம்மா இதை
"அசல் நீலகிரிப் புல்" என்கிறார்.

மூன்று நாள் காத்திருந்தேன்.
திங்கள் தூறல்.
செவ்வாய் சில்வர் ஓக் இலைகள்
வெள்ளை முதுகைக் காட்டின, காற்று.
புதன் காலை ஒன்றும் அசையவில்லை.
குளோவர் பூவில் ஒரு தேனீ இருந்தது.
அது எழுந்து போகும்வரை ஒரு பீடி.

கேட்டோரம் வல்லாரை கொழுத்திருந்தது.
துவையலுக்கென்று ஒரு பிடி கிள்ளிச்
சட்டைப்பையில் போட்டேன்.
அப்புறம்தான் ஞாபகம் வந்தது,
போன ஐப்பசியில் இதே மூலைக்கு அடித்தவன் நான்.
எடுத்து எறிந்தேன்.
வாசனை மட்டும் மதியம்வரை பையில் இருந்தது.

பின்னால் நடந்தபடியே அடிக்க வேண்டும்,
நனைந்ததை மிதிக்கக் கூடாது.
அதனால் செய்ததெல்லாம் கண்ணெதிரே இருக்கும்;
முதுகுக்குப் பின்னால் வேலி எவ்வளவு தூரம்
என்பதுதான் தெரியாது.

இது கொல்வதில்லை, வளர்க்கிறது
என்றார் வேளாண் ஆபீசர்.
உள்ளே போய்
வளர் வளர் என்று விடாமல் சொல்லுமாம்.
மூன்றாம் நாள் காம்பு முறுக்கிக்கொள்ளும்.
தண்டு வெடிக்கும்.
வேர் தீனி போட்டு மாளாமல் காயும்.
பத்தாம் நாளில்
வளர்ந்தே செத்திருக்கும்.
என் பையன் கோயமுத்தூரில் டியூஷனுக்கு
மூன்று இடம் போகிறான் அப்போது.
ஏனோ அவனுக்குப் போன் செய்தேன்.
எடுக்கவில்லை.

அடுத்த புதன், வேலிக்கு அந்தப் பக்கம் பிலோமி.
"நஞ்சண்ணா, இது என்ன நோய்?"
பீன்ஸ் கொழுந்தெல்லாம்
கரண்டிபோலக் குழிந்து கிடந்தது.
நோய் என்றால் நம்பியிருப்பாள்.
கடைசிப் பாத்தியில் பத்தரை மணிக்கு
ஒரு காற்று வந்தது.
டேங்கில் இரண்டு லிட்டர் மிச்சம்.
சுமந்துகொண்டு திரும்ப மனசில்லை.

"நோயில்லை," என்றேன்.
அவள் என் கையைப் பார்த்தாள்.
பிறகு பீன்ஸைப் பார்த்தாள்.
"கம்பு நட்டதே நானூறு ரூபாய்" என்று
தனக்குத்தானே சொன்னாள்.
பாதிக் கூலியை வேலிக்கம்பியில் மடித்துச் செருகினேன்.
எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

சாயங்காலம் வெறும் டேங்கை
மறுபடியும் கழுவினேன்.
மூன்று தடவை அலசு என்று டப்பாவில் இருக்கிறது.
அலசிய தண்ணீரை எங்கே ஊற்ற
என்று போட்டிருக்கும் இடத்தில்
தாள் கிழிந்திருக்கிறது.
வாளியோடு நின்றேன்.
எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓடைக்குத்தான் போகும்.
ஓடை எங்கள் ஹட்டிக்கு.

போன் அடித்தது. அம்மா.
"போட்டோ பார்த்தேன், கார்ப்பெட் மாதிரி இருக்கு.
அடுத்த மாசம் இன்னொரு தடவை?"

வாளியைக் கீழே வைக்காமல்
"சொல்றேம்மா" என்றேன்.